மூணாங்கை

அவளுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தகரம் அடிக்கிற பிரஸ் பட்டறையில் எல்லோருக்கும் அவள் சுத்தம். சின்ன வயசுக்காரிகளுக்குச் சுத்தக்கா. பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்துவிட்டு, அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் உட்காருவாள். இப்படி ஒரு ஜென்மத்தை எங்கே போய்ப் பார்ப்பது என்று கூட வேலை செய்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

சுத்தம் என்றால் அவள் வீட்டில் அழுக்கே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். அழுக்கு வெளியாள் கண்ணில் படக்கூடாது, அவள் கவலை அவ்வளவுதான். யாராவது கதவைத் தட்டினால் அழுக்குத்துணி கட்டிலுக்கு அடியில் போகும், கழுவாத பாத்திரம் வாளிக்குள் போகும், வாளி கதவுக்குப் பின்னால் போகும். தட்டினவர் உள்ளே வரும்போது வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். புருஷன் குடித்துவிட்டு விழுந்து கிடந்த காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் வயிற்றுப்புண் என்றாள். அவன் இன்னொருத்தியோடு போனபிறகு வெளியூரில் வேலை என்றாள். போனவன் விட்டுப்போன நீலச் சட்டை ஒன்று இருந்தது. அதை வாரம் தவறாமல் துவைத்து, தெருவைப் பார்த்த கொடியில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி காயப்போடுவாள். வீட்டில் ஆம்பளை இருக்கிறான் என்று தெருவுக்குத் தெரிய வேண்டாமா? தெருவுக்கு எல்லாம் தெரியும். பாவம், அவளுக்குத்தான் அது தெரியாது.

அவளோடு இருந்தது தங்கச்சி சின்னவள். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு. அன்றிலிருந்து தூக்கி வளர்த்ததெல்லாம் சுத்தம்தான். தலை வாரிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள், சமைக்கக் கற்றுக்கொடுத்தாள், வெளியாள் வந்தால் எதை எங்கே தள்ள வேண்டும் என்று கற்றுக்கொடுத்தாள். வளர்ந்ததும் தன் பட்டறையிலேயே, தன் பக்கத்து மிஷினிலேயே சேர்த்துவிட்டாள். கண் முன்னால் இருந்தால் நிம்மதி என்று நினைத்தாள்.

அந்தப் பட்டறையில் செய்வது பெயிண்ட் டப்பாவுக்கு மூடி. மேலிருந்து இரும்பு அச்சு இறங்கி, தகரத்தகட்டை ஒரே அடியில் மூடியாக்கிவிட்டு மேலே போகும். மிஷினில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பச்சைப் பொத்தான். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் அச்சு இறங்கும். மிஷினைச் செய்தவன் புத்திசாலி. இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை எப்படி இருக்கும்? ஆனால் தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் அழுத்த வேண்டும், மறுபடி மூடியை எடுக்க வேண்டும் என்று இப்படியே செய்துகொண்டிருந்தால் சூப்பர்வைசர் கேட்கிற எண்ணிக்கை தலைகீழாக நின்றாலும் வராது.

அதற்கு ஒரு வழி இருந்தது. ஒரு பொத்தானின் இடுக்கில் மரக்குச்சியைச் செருகிவிட்டால் அது அழுந்தியபடியே நிற்கும். அப்புறம் ஒரு கை பொத்தானுக்கு, இன்னொரு கை தகட்டுக்கு. வேலை பறக்கும். அந்தக் குச்சிக்குப் பெண்கள் வைத்திருந்த பெயர் மூணாங்கை. சரக்கு வந்த பொட்டிப் பலகையை அளவாக வெட்டி, புதிதாகச் சேருகிறவளுக்குச் சூப்பர்வைசரே கொடுப்பார். கொடுக்கும்போது வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். அதை எப்படிச் செருகுவது என்று பக்கத்து மிஷின்காரிதான் காட்ட வேண்டும். சின்னவளுக்குச் சுத்தம் காட்டினாள்.

எப்போதாவது சோதனைக்கு ஆள் வருவார்கள். வாசலில் புது ஆள் தலை தெரிந்தால் போதும், அத்தனை மூணாங்கையும் கண் இமைக்கிற நேரத்தில் இடுப்புக்குள் போய்விடும். அதில் எல்லோருக்கும் முந்தி சுத்தம். பிறந்ததிலிருந்து செய்து பழகின வேலையாயிற்றே.

இப்படி இருக்கும்போதுதான் கேமராப் பாப்பா வந்தாள்.

கல்லூரியில் போட்டோ படிக்கிற பெண். முகம் தெரியாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய ஒரு சாதாரண நாளைப் பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை படமெடுத்து வர வேண்டும், எதையும் மாற்றக்கூடாது, யாரையும் நிற்கவைத்து எடுக்கக்கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பாப்பா பஸ் நிறுத்தத்தில் சுத்தம் பெஞ்சு துடைப்பதைப் பார்த்தாள். அந்த இடத்திலேயே முடிவுசெய்துவிட்டாள். சுத்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைப் போய் ஒருத்தி படம் எடுக்கக் கேட்கிறாளே என்று கூச்சமாகவும் இருந்தது, உள்ளுக்குள் பெருமை பொங்கிக்கொண்டும் வந்தது. முதலாளியிடம் பாப்பாவே போய்ப் பேசினாள். பட்டறைக்கு விளம்பரம் ஆகட்டும் என்று அவரும் சரி சொல்லிவிட்டார்.

அந்த நாள் விடிவதற்கு முன்பே சுத்தம் எழுந்து வீட்டைத் தேய்த்தாள். பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டாள். ஓட்டை விழுந்த பாயைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சின்னவளுக்கு நல்ல துணியை எடுத்துக் கொடுத்தாள். கொடியில் நீலச் சட்டை ஏறியது. பாப்பா வந்து பார்த்துவிட்டுச் சந்தேகமாகத்தான் கேட்டாள்.

“அக்கா, எதையும் மாத்தலையே? எப்பவும் போலத்தானே இருக்கு?”

“எப்பவும் இப்படித்தான் பாப்பா.”

சின்னவள் திரும்பிக்கொண்டு சிரித்தாள். சட்டை யாருடையது என்று கேட்டதற்குச் சுத்தம் யோசிக்காமல், வெளியூரில் வேலை செய்கிற புருஷனுடையது என்றாள். பாப்பா அதையும் நம்பி எழுதிக்கொண்டாள்.

பட்டறையில் அன்று சூப்பர்வைசர் போனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். குச்சியை எடுங்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாணவிப் பெண்ணுக்குக் குச்சியைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டிருப்பார். பாப்பா உள்ளே வந்தாள், மிஷின்களுக்கு நடுவில் நடந்தாள், சுத்தத்துக்கு எதிரே வந்து கேமராவைத் தூக்கினாள். சுத்தத்தின் கை தானாக நீண்டது. “கொஞ்சம் இரு பாப்பா, சரி பண்ணிக்கிறேன்” என்றாள். குச்சியைப் பிடுங்கி இடுப்பில் செருகினாள். மிஷினை ஒரு துடை துடைத்தாள். பக்கத்து மிஷினைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், சின்னவளும் தன் குச்சியை எடுத்துவிட்டாள். அப்புறம் சுத்தம் இரண்டு கையையும் இரண்டு பொத்தானிலும் வைத்து, நிமிர்ந்து நின்று, அழகாகச் சிரித்தாள்.

அவளை யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் சுத்தத்தால் தாங்க முடியாதது இதுதான்.

கல்லூரியில் படங்களை மாட்டி வைத்தபோது அக்காவும் தங்கச்சியும் போனார்கள். சுத்தம் தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள், வருகிறவர்களுக்கு அடையாளம் தெரியட்டும் என்று. வாத்தியார் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், வீட்டுப் படங்களின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். இந்த வீட்டில் யாரும் குடியிருக்கிற மாதிரியே தெரியவில்லையே என்றார். பாப்பாவின் முகம் செத்துப்போனது. சுத்தமோ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, வீட்டை அப்படித்தான் வைத்திருப்போம் சார் என்று அவருக்கு நன்றி சொன்னாள். வீடு வந்து சேருகிறவரை சின்னவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பட்டறைப் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் கட்டி, அனுமதி கொடுத்ததற்கு நன்றியாகப் பாப்பா முதலாளியிடம் கொடுத்தாள். ‘எதுவும் மாற்றப்படாத ஒரு சாதாரண நாள்’ என்று கீழே அழகான எழுத்தில் போட்டிருந்தது. முதலாளி அதை ஆபீஸ் வாசலில் மாட்டினார். படத்தில் முன்னால் சுத்தம், பின்னால் கொஞ்சம் மங்கலாகச் சின்னவள். நாலு கையும் நாலு பொத்தானில் இருந்தன. தினமும் உள்ளே வரும்போது சுத்தம் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போவாள். கண்ணாடியில் தூசி இருந்தால் கைக்குட்டையால் துடைப்பாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. டீ குடிக்கக்கூட மிஷினை விட்டு நகர விடவில்லை. சின்னவளின் மிஷினில் ஒரு மூடி சிக்கிக்கொண்டது. இடது கையால் அதை நெம்பிக்கொண்டிருந்தாள். ஒரு பொத்தானில் குச்சி இருந்தது. களைப்பில் வலது முழங்கை இன்னொரு பொத்தானில் சாய்ந்தது. அச்சு அதன் வேலையைச் செய்தது.

சின்னவள் கத்தவில்லை. அதுதான் கொடுமை. மிஷின் சத்தத்தில் ஏதோ வித்தியாசம் தெரிந்து சுத்தம் திரும்பினபோது, அவள் தன் கையைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, மிஷினெல்லாம் கறையாயிடுச்சு” என்றாள்.

சுத்தத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ துண்டு கொடுத்தார்கள், அதைச் சுற்றினாள். சூப்பர்வைசர் ஓடிவந்தார். வண்டியைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் செய்த முதல் வேலை, சின்னவளின் மிஷினிலிருந்து அந்தக் குச்சியைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. சுத்தம் அதைப் பார்த்தாள். பார்த்ததை அவரும் பார்த்தார்.

மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் அதற்கு அடுத்ததும் மட்டும் மிச்சம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு சின்னவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். காயத்துக்கு வைத்துக் கட்ட மெத்தென்ற துணி வேண்டும் என்றார்கள். சுத்தம் கொடியிலிருந்து அந்த நீலச் சட்டையை உருவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, கீற்றுக் கீற்றாகக் கிழித்தாள். அன்றிலிருந்து தெருக்கொடி காலியாகத்தான் கிடந்தது.

நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். அது கிடைத்தால் சின்னவள் ஏதாவது சின்னதாகத் தொழில் செய்து பிழைத்துக்கொள்வாள். கிடைக்கவில்லையென்றால் ஒரு கையில் இரண்டே விரலோடு அவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? எல்லாம் ஒரே கேள்வியில் நின்றது. தப்பு மிஷின் மேலா, அவள் மேலா?

முதல் விசாரணையில் சின்னவள், பொத்தானில் குச்சி இருந்தது, எல்லா மிஷினிலும் இருக்கும், சூப்பர்வைசர் கொடுத்ததுதான் என்று சொன்னாள். கம்பெனி பக்கத்து ஆள் எழுந்தார். ஆபீஸ் வாசலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த படத்தை மேசைமேல் வைத்தார். எங்கள் பட்டறையில் இப்படித்தான் வேலை நடக்கிறது, இது நாங்கள் எடுத்ததில்லை, கல்லூரி மாணவி எடுத்தது, கீழே என்ன எழுதியிருக்கிறது பாருங்கள், மனுதாரரும் படத்தில் இருக்கிறார் என்றார். அதிகாரி படத்தைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அடுத்த விசாரணைக்கு மூத்தவளைச் சாட்சிக்கு வரச் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

வெளியே வந்ததும் சின்னவள் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். “நீ நல்லாத்தான் சிரிச்சிருக்கேக்கா.” பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

சுத்தம் அன்று சாயங்காலமே பாப்பாவைத் தேடிப் போனாள். பாப்பாவுக்கு விபத்து விஷயமே தெரியாது. கேட்டதும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டாள். சுத்தம் குச்சியைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். முதலில் வந்தவுடனே, தான் கையை நீட்டுவதற்கு முன்னால், ஏதாவது படம் எடுத்தாயா என்று கேட்டாள். அப்படி ஒன்று இருந்தால் அதில் மூணாங்கை தெரியும், சின்னவள் பிழைத்துக்கொள்வாள்.

பாப்பாவுக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. கேமராவைத் தூக்கினதும் ஒரு தடவை அமுக்கினேனே என்றாள். எடுத்த எதையும் அழிக்கக்கூடாது என்பது வாத்தியார் கட்டளை. எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. வீட்டுப் படங்கள் போயின, பஸ் போனது, பட்டறை வாசல் வந்தது. சுத்தம் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

அந்தப் படம் வந்தது. அதில் ஒரு உள்ளங்கை இருந்தது. வேறு எதுவும் இல்லை. விரித்த கை, கேமராவுக்குக் கிட்டே, படம் முழுவதையும் அடைத்துக்கொண்டு. மிஷினும் தெரியவில்லை, குச்சியும் தெரியவில்லை. சுத்தத்தின் ஐந்து விரல் மட்டும் முழுசாக, ரேகைகூடத் தெரிகிற மாதிரி இருந்தது.

“இவ்வளவுதான்க்கா. இதுக்கப்புறம் நீங்க சிரிக்கிறதுதான் இருக்கு” என்று பாப்பா அழுதாள்.

சுத்தம் அழவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாப்பாவின் தலையைத் தடவிவிட்டு, நீ என்னம்மா பண்ணுவே, நான் காட்டினதைத்தானே எடுத்தே என்று சொல்லிவிட்டு வந்தாள்.

விசாரணைக்கு முன்னால் சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை, அன்பாகத்தான் பேசினார். தங்கச்சிக்குப் போனது போய்விட்டது, உனக்காவது வேலை இருக்க வேண்டாமா, நீயும் வெளியே போனால் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்டார். அவர் கேட்டதில் பொய் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தங்கும், ஆனால் தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பது? உண்மையைச் சொன்னால் வேலை போகும், தங்கச்சிக்கு நஷ்டஈடு கிடைக்கலாம். எவ்வளவு யோசித்தாலும் அந்தக் ‘கிடைக்கலாம்’ பக்கம்தான் மனசு போனது. இத்தனை வருஷம் பூசி மெழுகினது போதும் என்று அவளுக்கே வெறுத்துவிட்டது.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை இருந்தது. அதன்மேல் அந்தப் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சுத்தம் தன் எதிரிலேயே தான் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி பேச வேண்டியிருந்தது. படம் நிஜமில்லை, படத்துக்காக நான்தான் குச்சியை எடுத்தேன், தங்கச்சியையும் எடுக்கச் சொன்னேன் என்றாள். சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து தன் மூணாங்கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். வருஷக்கணக்காகக் கை பட்டுப்பட்டு வழவழவென்று ஆகியிருந்தது.

அதிகாரி அதைப் பென்சிலால் புரட்டிப் பார்த்தார்.

“படத்துக்காக எடுக்கச் சொல்லி யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலை ஐயா.”

“சரி. இதை மிஷின்ல செருகலாம்னு உங்க தங்கச்சிக்கு யார் காட்டிக்கொடுத்தது?”

சுத்தம் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

“நான்தான்” என்றாள்.

கம்பெனி பக்கத்து ஆள் பேனாவை மூடிவைத்தார். அவர் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசி முடித்துவிட்டாள். குச்சி சூப்பர்வைசர் வெட்டிக் கொடுத்தது என்று அவள் சொன்னதற்குச் சாட்சி கேட்டார்கள். பட்டறைப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒருத்தியும் குச்சியைப் பார்த்ததே இல்லையாம். அவர்களைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். பாப்பாவும் வந்து, அன்றைக்கு அக்கா எதையோ எடுத்து இடுப்பில் செருகினதைப் பார்த்தேன் என்றாள். எதை என்று கேட்டார்கள். கைக்குட்டை என்று அப்போது நினைத்தேன் என்று உண்மையைச் சொன்னாள். எதுவும் மாற்றப்படாத நாள் என்று எழுதினது நீதானே என்று கேட்டார்கள். அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

தீர்ப்பு வந்தது. நிர்வாகம் ஒழுங்கான மிஷினைக் கொடுத்திருக்கிறது. மூத்த தொழிலாளி விதியை மீறி, இளைய தொழிலாளிக்கும் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். விபத்துக்கு அவர்கள்தான் பொறுப்பு. அதே வாரம் சுத்தத்தை வேலையிலிருந்தும் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள்.

தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் மட்டும் மேல்முறையீடு செய்து பார்ப்போம் என்றார். சின்னவளின் கையைப் படமெடுத்து மனுவோடு வைக்கலாம், மேலே இருப்பவர்கள் கண்ணால் பார்த்தால் மனசு இரங்கும் என்பது அவர் நம்பிக்கை. பாப்பாவே கேமராவோடு வந்தாள். அன்று சுத்தம் வீட்டைத் தொடவே இல்லை. ஓட்டைப் பாய் விரித்தபடி கிடந்தது. கழுவாத பாத்திரம் நடுவீட்டில் இருந்தது. எல்லாவற்றையும் வாரிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாமா என்று அவளுக்குக் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாப்பா வந்து பாயிலேயே உட்கார்ந்தாள்.

சின்னவளை அக்காவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். வந்து உட்கார்ந்தாள். பாப்பா கேமராவைத் தூக்கினாள்.

“கொஞ்சம் இருங்க, சரி பண்ணிக்கிறேன்” என்றாள் சின்னவள்.

தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். இடது கையை அக்காவின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். அந்த இரண்டு விரலும் தன் ரவிக்கையைப் பிடித்துக்கொள்வது சுத்தத்துக்கு முதுகில் தெரிந்தது.

அவளுக்கு அங்கேயே அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் அழாதவள், விசாரணையில் அழாதவள், பாப்பா முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“எதையும் சரி பண்ணாதடி. கையை எடு வெளியே.”

“பாக்க நல்லா இருக்காதுக்கா.”

“இருக்க வேணாம்டி.”

சுத்தமே அந்தக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாப்பா எடுத்தாள். அந்தப் படத்தில் சுத்தம் அழுதுகொண்டிருக்கிறாள், தங்கச்சி முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை, நடுவில் அந்தக் கை இருக்கிறது.

படம் மேலே போனது. மேல் அதிகாரி வாங்கிப் பார்த்தார், வருத்தப்பட்டார் என்றுகூடச் சொன்னார்கள். விரல் போனது படத்தில் தெளிவாகத் தெரிகிறது என்று எழுதினார். அடப் பாவிகளா, விரல் போகவில்லை என்று யார் சொன்னது? தப்பு யாருடையது என்பதில் பழைய தீர்ப்பே நிற்கும் என்று மனுவைத் தள்ளிவிட்டார்.

சுத்தம் இப்போது வீடுகளில் தரை துடைக்கப் போகிறாள். சின்னவள் வீட்டிலேயே இருக்கிறாள். பழையபடி பேசிக்கொள்கிறார்கள், ஆனால் சிரிப்புப் பேச்சு கிடையாது. கதவை யாராவது தட்டினால் இரண்டு பேரும் எழுந்து எதையும் ஒதுக்குவதில்லை. தட்டுவதற்கும் இப்போதெல்லாம் அதிகம் பேர் வருவதில்லை.

பட்டறையில் பக்கத்து வரிசையில் இருந்தவள் ஒருத்தி மட்டும் ஒரு சாயங்காலம் வந்தாள். விசாரணையில் குச்சியைப் பார்த்ததே இல்லை என்றவர்களில் அவளும் ஒருத்தி. உட்காராமல், வாசலிலேயே நின்று, சுத்தத்தின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். சின்னவளின் மிஷினுக்குப் புதுப்பெண் வந்திருக்கிறாளாம். ரொம்பச் சின்ன வயசாம். விசாரணைக்குக் கொண்டுபோன படம் திரும்ப ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டதாம். முதல் நாள் சூப்பர்வைசர் அந்தப் பெண்ணைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, இந்த அம்மா மாதிரி இரண்டு கையையும் பொத்தானில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று சொன்னாராம். அதற்கு ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாராம். அப்புறம் மிஷினுக்குக் கூட்டிக்கொண்டு போய், பொட்டிப் பலகையில் ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்தாராம்.

“எப்படிச் செருகறதுன்னு யார் காட்டினது?” என்று சுத்தம் கேட்டாள்.

வந்தவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். சொல்லத் தேவையும் இல்லை, இப்போது அந்த மிஷினுக்குப் பக்கத்து மிஷின் அவளுடையதுதான்.

உள்ளேயிருந்து சின்னவள் எழுந்து வந்து அக்காவுக்குப் பின்னால் நின்றாள். சுத்தம் மெதுவாக இன்னொன்று கேட்டாள்.

“படத்துல நான் இன்னும் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேனா?”

“ஆமாக்கா” என்றாள் அவள். “நல்லா சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க.”